பதினேழாம் அத்தியாயம்

எங்கள் பட்டறையில் கதை வாசிப்பவளுக்கு
அந்த ஒரு மணி நேரம் கொலுசு வேலை இல்லை.
மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு ஜோடி
கூடுதலாகப் பற்றவைத்து
என் கணக்கில் போட்டுவிடுவார்கள்.
செவ்வாய்ப்பேட்டையில் இப்படி ஒரு சம்பளம் இருப்பது
முதலாளிக்குத் தெரியாது.

போனைச் சுவரில் சாய்த்து வாசிக்கிறேன்.
பர்னர் இரைச்சலுக்கு மேலே குரல் ஏற வேண்டும்.
"உன்னைப் பிரிந்து எப்படி இருப்பேன்" என்பதை
காய்கறிக்காரன் மாதிரிக் கத்திச் சொல்லப்
பழகிவிட்டது.

"ஆறடி உயரம்" என்று தொடங்கினாலே
தவமணி, "அடுத்த கதை" என்பாள்.
அவள் வீட்டுக்காரர் ஐந்தடி இரண்டங்குலம்.
நல்ல மனுஷன்.
இந்த வருஷம் வாசித்த பதினொன்றில்
ஒன்பது பேர் எம்.டி.
என்ன கம்பெனி, என்ன செய்கிறது,
ஒருவரும் எழுதவில்லை.
கையெழுத்துப் போடுகிறான். கண் சிவக்கிறான்.
மறுபடி கையெழுத்து.

ஒரு ஜோடி தேனிலவுக்கு ஏற்காடு வந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவும்
அவன் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள்.
ஹசீனா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள்:
"எலுமிச்சம்பழம் மோந்து பாக்காம
மேலே போனவ எந்த ஊர்க்காரி?"
மேலே போனால் பனிக்கட்டி பொழிகிறது,
மே மாதத்தில்.
சிரித்த சிரிப்பில் மூன்று கண்ணி கோணி
மறுபடி உருக்கப் போனது.
ஆனாலும் அந்தக் கதையை முடித்தோம்.
தகரக் கூரை, சித்திரை வெயில், எதிரே நெருப்பு.
பொய்தான்.
கொஞ்சம் குளிர்ச்சியான பொய்.

எல்லாக் கதையிலும் ஒரு கொலுசு வந்துவிடும்.
அவன் மண்டி போட்டு அவள் காலில் பூட்டுவான்.
அந்த இடத்தில் யாரும் பேசுவதில்லை,
பாப்பாத்தியக்காவைத் தவிர:
"எத்தனை கிராம்னு போட்டிருக்கா?"
எந்தக் கதையிலும் கொக்கி முதல் தடவையே மாட்டிக்கொள்கிறது.
புதுக் கொலுசில் அப்படி மாட்டாது.
கழன்று விழக்கூடாதென்று
நாங்கள்தான் அதை இறுக்கி வைக்கிறோம்.

நேற்றுப் பதினேழாம் அத்தியாயம்.
கண்ணை முன்னால் ஓட்டிப் பார்த்தேன்.
அறைகிறான். கதவைத் தாழ் போடுகிறான்.
நான்கு வரி கழித்து
அவளுக்கு அது பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறது.
அதற்குக் கீழே நானூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன்.
பிறகு போனைப் பார்த்துக்கொண்டே
போனில் இல்லாததை வாசித்தேன்:

அவன் கோபமாய்க் கதவைத் திறந்து வெளியே போனான்.
நாலு ரோடு வரை நடந்தான்.
ஒரு வண்டிக் கடையில் தட்டுவடை செட் இரண்டு,
பீட்ரூட் தூக்கலாய் ஒன்று, காரம் குறைத்து ஒன்று,
கட்டித் தரச் சொன்னான்.
தனக்குக் காரம் பிடிக்குமா, அவளுக்கா என்று
அப்போதுதான் யோசித்தான்.
தெரியவில்லை.
கல்யாணமாகி எட்டு மாதம்.

"அப்புறம்?" என்றாள் ஹசீனா.
தொடரும் என்றேன்.

விளக்கணைத்துச் செருப்பு மாட்டும்போது
சித்தேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.
ஓமலூரில் கட்டிக்கொடுத்து
மூன்று மாதம் முன்பு திரும்பி வந்தவள்.
வேலை நேரத்தில் வாயே திறக்காதவள்.
எங்களில் இன்னொரு பெரிய போன்
அவளிடம்தான் இருக்கிறது;
யோசிக்கவில்லை நான்.

"ராத்திரியே படிச்சிட்டேன்க்கா" என்றாள்.
"நீங்க சொன்ன பதினேழு நல்லா இருந்துச்சு."
துப்பட்டாவில் ஒட்டிய வெள்ளித் தூளைத் தட்டினாள்.
"பதினெட்டையும் பாத்து வாசிங்க."

பார்த்தேன், பஸ்ஸில்.
பதினெட்டில் மன்னிப்புக் கேட்கிறான்,
வைர மோதிரத்தோடு, ஆறு பக்கம்.
தட்டுவடை வாங்கப் போனவனை
எதற்காக மன்னிப்புக் கேட்க வைப்பது?
கொண்டலாம்பட்டி தாண்டும்வரை யோசித்தேன்.

நேரமானதற்குக் கேட்கட்டும்.
தட்டுவடை நமுத்துப்போனதற்குக் கேட்கட்டும்.
அவளும் உடனே சரி என்று சொல்ல வேண்டாம்.